வாங்கின் ஓரம்

ஆசிரியர் கலாசாலையில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் மட்டக்களப்பு நகரத்துக் கத்தோலிக்கன். 2003 நத்தாருக்கு அவன் வீட்டில் தங்கினேன். போர்நிறுத்த உடன்படிக்கைக் காலம் அது. அவனுடைய தாய் எனக்கென்று புதுச்சட்டி வாங்கி மீன் ஆக்கித் தந்தார். நள்ளிரவுப் பூசைக்கு வீட்டார் புறப்பட, நானும் போனேன். கோயிலுக்குள் கால் வைத்தால் ஈமானுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயம் உள்ளூர இருந்ததை மறைக்கமாட்டேன்.

கடைசி வாங்கில் இருந்த முதியவர் ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். பெயர் கேட்கவில்லை. எல்லோரும் முழங்காலிட்டபோது நான் தடுமாறினேன். "நீங்க இரிங்க தம்பி" என்றார் மெதுவாக. நற்கருணை வாங்க எழுந்து போனவர் திரும்பி வந்து, ஒன்றும் நடவாதது போல மறுபடி என் பக்கத்தில் இருந்தார். புதியவனை வரவேற்பதென்றால் கைபிடித்து இழுத்து முன்வரிசையில் இருத்துவது என்றே அதுவரை நினைத்திருந்தேன். (ஊர்க் கூட்டங்களில் அதிபர்மார் படும்பாடு தெரிந்ததுதானே.) இவர் என்னை நானாக இருக்க விட்டார்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பில் சியோன். சியோனில் புதிதாக வந்து நின்ற ஒருவனிடம் பேச்சுக் கொடுத்து, உள்ளே விடாது மறித்தவரும் அந்த வெடிப்பில் போனார். மாண்டவர்களில் பலர் பிள்ளைகள். வந்தவன் என்னைப்போல ஸலாம் சொல்லி வளர்ந்தவன். எழுதக் கை கூசுகிறது, எழுதாமலும் இருக்கமுடியாது.

அந்த வருடம் ஜூலையில் நண்பனின் தாய் காலமானார். "போக வாணாம், சந்தேகப்படுவாங்க" என்றாள் மனைவி. புதுச்சட்டி கண்ணில் நின்றது. போனேன்.

கோயில் வாசலில் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்த பொடியன் அடையாள அட்டை கேட்டான். பெயரை வாசித்ததும் அவனுடைய பெருவிரல் அட்டையிலேயே நின்றது. பையை நானே திறந்து காட்டினேன்: தண்ணீர்ப் போத்தல், குடை, திருத்தி முடியாத தவணைப் பரீட்சை விடைத்தாள்கள். "வாங்க சேர்" என்று கூடவே வந்தவன், கடைசி வாங்கில் என் பக்கத்திலேயே இருந்துகொண்டான். துணைக்கா, காவலுக்கா? இன்றுவரை தெரியாது. காவலுக்கென்றாலும் அவனில் நான் குறை காணமாட்டேன். ஆனால் பூசை முழுக்க என் கைகளை அவன் பார்வையில் படும்படி மடியில் வைத்திருந்தேன்.

ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் கட்டம் வந்தது. அவன் என் பக்கம் திரும்பிக் கைகூப்பி, "சமாதானம்" என்றான். நாளுக்கு எத்தனை தடவை நாம் சொல்லும் வார்த்தை! என் வாயில் வந்தது அரபுதான். அதை விழுங்கிவிட்டுத் தமிழில் சொன்னேன். விழுங்கியது இன்னும் உறுத்துகிறது.

சென்ற நோன்பில், எங்கள் பாடசாலைக்கு மாற்றலாகி வந்த கிறிஸ்தவ ஆசிரியரை இப்தாருக்குப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். வாசலில் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஆர் இவர்?" என்றார். கேட்டதில் பிழையில்லை, கேட்ட விதத்தை அவரும் கவனித்துவிட்டார். திரும்பிப் போகலாமா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

என் வகுப்புப் பையன் ஒருவன் கஞ்சிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து பாயில் இடம் விட்டான். அவர் இருந்ததும், "பாங்கு சொல்லும் வரைக்கும் தொடப்படாது சேர்" என்று அவருடைய காதில் சொல்லிக் கொடுத்தான்.