ஏரிக்கரையில் காமெராக்காரர்கள்

தை மாதத்துப் பனி இன்னும் வயல்களை விட்டு எழுந்திராத ஒரு விடியற்காலையில், செங்கல்பட்டைக் கடந்து, படாளத்தில் பெருவழியை விட்டு மேற்கே பிரிந்து, நெற்பயிருக்கு நடுவே வளைந்து வளைந்து சென்ற சிறு சாலை வழியாக நாங்கள் வேடந்தாங்கல் ஏரிக்கரையை அடைந்தபோது, வண்டியிலிருந்து முதலில் இறங்கியவை மூட்டைகளே. மனிதர்கள் பிறகுதான் இறங்கினோம். பிறந்த குழந்தையைப் போல் பழைய போர்வையில் சுற்றப்பட்டிருந்த நீண்ட லென்ஸ் ஒன்று, கால் மடக்கிய முக்காலிகள் இரண்டு, காப்பி நிறைந்த ஃபிளாஸ்க் ஒன்று, இவற்றோடு, கிழிந்த கால்சட்டையின் ஒரு காலை முழங்காலுக்கு மேல் அறுத்து, இரு முனையையும் தைத்து, உள்ளே மொச்சைக் கொட்டையை நிரப்பிய விநோதமான தலையணை ஒன்றும் இறங்கிற்று. கைப்பிடிச் சுவரின் மேல் அந்தத் தலையணையை வைத்து அதன் மேல் லென்ஸைக் கிடத்தினால், ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய முக்காலியைக் காட்டிலும் அது அசையாமல் நிற்கும் என்பதை அனுபவஸ்தர்கள் அறிவார்கள்.

எங்கள் கூட்டத்தில் நால்வர். வங்கியில் முப்பது வருஷம் பிறர் பணத்தை எண்ணி ஓய்வு பெற்றவர் ஒருவர். அவர்தாம் நீண்ட லென்ஸின் சொந்தக்காரர். பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருவர். எங்கள் எல்லோருக்கும் அவர் ‘டீச்சர்’. இருசக்கர வண்டிகளைப் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர். நான்காவது ஆளாகிய நானோ, ஃபிலிம் சுருள் ஒன்றுக்கு 36 படம் என்று கஞ்சனைப் போல் எண்ணிச் செலவழித்த காலத்திலிருந்தே இந்தப் பைத்தியத்தில் கிடப்பவன். எங்களில் எவருக்கும் இந்தக் கலையால் ஒரு காசு வரவு கிடையாது. செலவைப் பற்றி அவரவர் வீட்டில் நிலவும் அபிப்பிராயத்தை இங்கே எழுதுவது உசிதமன்று.

கரைமேல் ஏறியவுடன் முதலில் வரவேற்பது காட்சியன்று, வாசனை. மீனும் ஈரமும் எச்சமும் கலந்த அந்த நெடி மூக்கில் ஏறிச் சற்று நேரம் சென்ற பின்னரே கண்கள் தம் வேலையைத் தொடங்குகின்றன. தண்ணீருக்குள் இடுப்பளவு மூழ்கி நிற்கும் நீர்க்கடம்ப மரங்களும் கருவேல மரங்களும், தாமே பூத்தவை போல, உச்சி முதல் அடிக்கிளை வரை பட்சிகளைத் தாங்கி நின்றன: நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், சிறகை விரித்து வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்த நீர்க்காகம், கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்திய பாம்புத்தாரா. மரங்களைச் சூழ்ந்த தண்ணீர் வெறும் அலங்காரம் அல்ல. பூனையும் நரியும் கூட்டை அணுகாதிருக்க இயற்கை வெட்டி வைத்த அகழி அது. மழை பொய்த்து ஏரி நிரம்பாத வருஷங்களில் இந்த மரங்கள் வெறிச்சோடிக் கிடப்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

வங்கிக்காரர் தலையணையைச் சுவர்மேல் சார்த்தி லென்ஸை ஏற்றி உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. விரல் மட்டும் ஓயாமல் இயங்கிற்று. புதிய காமெராக்கள் விநாடிக்குப் பத்துப் படம், இருபது படம் என்று பொரிந்து தள்ளுவதால், காலைக் காப்பிக்குள் அவர் எண்ணூறு படங்களைச் சேகரித்துவிட்டார். நான் இளமையில் ஒரு வருஷம் முழுவதும் எடுத்த படங்கள் அத்தனை இரா. ஆயினும் அவர் முகத்தில் திருப்தி இல்லை. நாரை பறக்கத் தொடங்கும் அந்த முதல் கணம், இரண்டு கால்களும் கிளையை விட்டும் விடாமலும் இருக்கும் அந்த ஒரே கணம், அவருக்கு அகப்படவேயில்லை. அவர் அழுத்துவதற்குள் பறவை சட்டத்தை விட்டே போய்விடும்; அழுத்திக்கொண்டே காத்திருந்தாலோ அது அசையாது.

இந்த அவஸ்தையைச் சிறிது தூரத்தில் நின்று கவனித்துக்கொண்டிருந்தவர் காக்கிச் சட்டை அணிந்த காவலர். ஏரிக்கரையில் பிறந்து, ஏரிக்கரையில் நடந்தே தலை நரைத்தவர். காமெரா ஒன்றைச் சொந்தமாக வைத்திருந்ததில்லை. அவர் மெதுவாக அருகில் வந்து, “தோ, அந்த நத்தைகுத்தியப் பாருங்க சார். முன்னால சாயுது பாத்தீங்களா? இப்ப எச்சம் போடும். போட்டதும் கெளம்பிடும். எச்சம் விழறப்பவே அழுத்துங்க” என்றார். சொல்லி வாய் மூடவில்லை. நாரை வெள்ளையாக ஒரு கோடு இழுத்தது. கால்களை மடக்கி உந்திற்று. வங்கிக்காரரின் காமெரா கடகடத்தது. பின்புறக் கண்ணாடித் திரையில் படத்தைப் பார்த்தவர் சிறு பிள்ளை போல் எழுந்து நின்றுவிட்டார். பல லட்சம் ரூபாய் பெறுமான சாமான்கள் செய்யாத காரியத்தை, பறவையின் வயிற்றுக்குள் நடப்பதை வெளியிலிருந்தே கண்டுகொண்ட ஒரு மனிதரின் வாய்ச் சொல் செய்துவிட்டது. எடையைக் குறைத்துக்கொண்டு மேலெழும்புவது பெரிய பறவைகளிற் பலவற்றின் சுபாவம் என்று புத்தகத்திலும் படிக்கலாம். ஆனால் எந்த நாரை, எந்தக் கிளையில், எந்தக் கணத்தில் என்பதைப் புத்தகம் சொல்லாது.

டீச்சருடைய கஷ்டம் வேறு விதமானது. அவருக்குக் கொக்குகளின் மேல்தான் பிரியம். ஆனால் அவர் எடுக்கும் கொக்குகளெல்லாம் சுண்ணாம்பில் தோய்த்த துணி போல, இறகு என்ற விவரமே இல்லாமல் வெளுத்துப் போய்விடும். கரும்பச்சை மரத்தின் முன்னே சிறு வெள்ளைப் பறவை ஒன்று நிற்கும்போது, காமெராவின் உள்ளிருக்கும் ஒளிமானி சட்டம் முழுவதையும் சராசரி பார்த்து, ‘இருட்டு அதிகம்’ என்று தீர்மானித்து, வேண்டாத ஒளியை உள்ளே விட்டுவிடுகிறது. இருண்ட இலைகள் தெளிகின்றன, கொக்கு எரிந்து போகிறது. அதன் பேச்சைக் கேளாமல் நாமே ஒளியைக் குறைக்க வேண்டும். அதே கொக்கு பனி மூடிய வெளுத்த வானத்தில் பறந்தாலோ கணக்குத் தலைகீழாகும். அப்போது ஒளியைக் கூட்டாவிட்டால் வெள்ளைக் கொக்கு சாம்பல் நாரையாகிவிடும். “கொழந்தைங்க மாதிரிதான், வகுப்பு முழுசுக்கும் ஒரே கண்டிப்பு உதவாது” என்று டீச்சர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினார். அடுத்த படத்தில் கொக்கின் முதுகில் தொங்கும் மெல்லிய இழையிறகுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

மெக்கானிக் இளைஞரைக் காணோம். தேடிப் பார்த்தால், ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கரைச்சரிவில் மண்மீது குப்புறப் படுத்திருந்தார். பழைய லென்ஸ் ஒன்றை முன்பின்னாகத் திருப்பிக் காமெராவில் பொருத்தினால் அது பூதக்கண்ணாடியாகிவிடும். அதற்கு வேண்டிய வளையத்தின் விலை மிக அற்பம். அவருடைய உலகமெல்லாம் அந்த வளையத்துக்குள் அடங்கிவிடுகிறது. பட்டறைக்குப் பின்னாலுள்ள மாமரத்தில் முசுறு எறும்புகள், தங்கள் சொந்தப் புழுக்களையே நூற்கண்டைப் போல் வாயில் கவ்விக்கொண்டு, அவை சுரக்கும் பட்டிழையால் இலையோடு இலையைத் தைப்பதை அவர் மூன்று மாதம் முயன்று எடுத்த படம் என் மேசைமேல் இருக்கிறது. “புலியப் பாக்கணும்னா லீவு போடணும் சார், எறும்பப் பாக்க டீ குடிக்கிற நேரம் போதும்” என்பார். காட்டு ஜீவராசிகளைப் படம் பிடிப்பது என்றவுடன் காஜிரங்காவையும் ஆப்பிரிக்காவையும் நினைத்துப் பெருமூச்சு விடும் அன்பர்களுக்கு, ஜன்னல் கம்பியில் தத்தும் சிலந்தியின் முகத்தில் வரிசையாக நான்கு கண்கள் முன்னோக்கி இருப்பதையும், அவற்றுள் நடு இரண்டும் மோட்டார் விளக்குகளைப் போல் பெரியவை என்பதையும், அது நம்மைத் திரும்பிப் பார்க்கிறது என்பதையும் அவர் எடுத்த படங்களைக் காட்டிச் சொல்ல எனக்கு ஆசை.

இந்தக் கலையில் நமக்கு முன்னோர்கள் உண்டு. அவர்களுடைய பிரயத்தனங்களைப் படித்தால் நம்முடைய சிரமங்கள் வெட்கித் தலை குனியும். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பிறந்த ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்ற சகோதரர்கள் பறவைக் கூடுகளைப் பற்றி 1895-இல் வெளியிட்ட புத்தகம், இயற்கையில் எடுத்த புகைப்படங்களாலேயே நிரப்பப்பட்டது. பறவைகள் தங்களைக் கண்டு அஞ்சாதிருக்க, மாட்டுத் தோலை ஒரு சட்டக்கூட்டின் மேல் போர்த்துப் பொய்மாடு செய்து அதன் வயிற்றுக்குள் நின்று படமெடுத்தார்கள். ஒரு முறை உள்ளே இருந்தவர் மயங்கி மாட்டோடு சேர்ந்து கவிழ்ந்ததும் உண்டு. வட இந்தியாவில் வன அதிகாரியாயிருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், புலி நடக்கும் பாதையில் மெல்லிய கம்பியைக் கட்டி, அதன் கால் பட்டதும் விளக்கு மின்னித் தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்படி செய்தார். 1927-இல் அவர் நூல் வெளிவந்தது. துப்பாக்கியே கௌரவம் என்றிருந்த காலத்தில் அது சிறிய காரியமன்று.

எங்கள் தலைமுறைத் தமிழர்களுக்கோ மா. கிருஷ்ணன் ஒருவரே போதும். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் இளைய குமாரராகிய அவர், 1950 முதல் 1996-இல் காலமாகும் வரையில் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கையைப் பற்றி விடாமல் எழுதி வந்ததும், தமிழிலும் அதே சிரத்தையோடு எழுதியதும் பலருக்குத் தெரியும். பல காமெராக்களின் உறுப்புகளைத் தாமே ஒன்றுகூட்டிச் செய்த பெருங்கருவி ஒன்றுக்கு ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று அவர் நாமகரணம் செய்திருந்ததும், வர்ணப் படத்தை மதியாமல் கறுப்பு வெள்ளையிலேயே யானைகளை எடுத்துத் தள்ளியதும் அவ்வளவாகத் தெரியாது. அவருடைய யானைகளின் தோலில் சுருக்கங்களை எண்ணலாம். அவர் படமெடுப்பவராக இருந்ததைக் காட்டிலும் பார்ப்பவராகவே அதிகம் இருந்தார் என்பது அந்தச் சுருக்கங்களிலேயே எழுதியிருக்கிறது.

பார்ப்பதை மறந்து படத்தை நினைத்ததால் நேர்ந்த என் பாவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1987-இல் எங்கள் கொல்லை எலுமிச்சையில் தையற்சிட்டு ஒன்று இலைகளைச் சேர்த்துத் தைத்து, உள்ளே பஞ்சு வைத்து, மூன்று குஞ்சுகள் பொரித்திருந்தது. முன்னால் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கிளை எனக்கு மறைத்தது; அதை ஒடிக்க மனம் வராமல், பெரிய தர்மவான் போல, ஒரு சணல் கயிற்றால் பக்கவாட்டில் இழுத்துக் கட்டினேன். நல்ல வெளிச்சம் கிடைத்தது. சுருள் தீர்ந்த சந்தோஷத்தில் கயிற்றை அவிழ்க்காமல் உள்ளே போய்விட்டேன். மறு நாள் காலையில் கூட்டுக்கு வெளியே பஞ்சு மட்டும் தொங்கிற்று. மதில்மேல் காக்கை ஒன்று அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது. தாய்ச் சிட்டு இரண்டு நாள் இரையோடு வந்து வந்து போயிற்று. அந்தச் சுருளை நான் கழுவிப் பார்த்தேன், படங்கள் நன்றாகவே வந்திருந்தன, ஒன்றையும் அச்சிடவில்லை. கூட்டுப் படங்களே வேண்டாம் என்று இக்காலத்துச் சங்கங்களும் போட்டிகளும் விதி வகுத்திருப்பதைச் சில இளைஞர்கள் கெடுபிடி என்கிறார்கள். நான் அந்த வாதத்தில் கலந்துகொள்வதில்லை.

வேடந்தாங்கலில் கூடுகள் கண்ணெதிரே இருந்தும் யாரும் அவற்றை நெருங்க முடியாது. நடுவே தண்ணீர் இருக்கிறது, அதைவிடக் கண்டிப்பாக ஊர் இருக்கிறது. வேடர்கள் தங்கிய இடம் என்று பெயர் பெற்ற கிராமம், வேட்டையை விரட்டியதில் முந்திக்கொண்டது. 1790-களில் செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்பவரிடம் ஊரார், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையைக் கவுலாகவே, அதாவது உறுதிப் பத்திரமாகவே, எழுதி வாங்கினார்கள். 1858-இல் அதை மறுபடியும் உறுதி செய்துகொண்டார்கள். ஜீவகாருண்யத்தோடு லாபமும் இதில் கலந்திருந்தது என்று சொல்வதில் குறைவொன்றும் இல்லை. எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு அதைவிட எரு வேண்டுவதில்லை. நத்தைகுத்தியோ அந்த வயலில் இறங்கி நத்தைகளைப் பொறுக்குகிறது. 2022-இல் இந்த ஏரி, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஏறக்குறைய எழுபத்து நாலு ஏக்கர் தண்ணீருக்கு உலக கௌரவம் வந்ததைக் காவலரிடம் சொன்னேன். “ஆமா சார், போர்டு வெச்சாங்க” என்றார்.

வெயில் ஏறிற்று. தண்ணீரிலிருந்து எழும்பிய அனலில் தூரத்துப் பறவைகள் நெளியத் தொடங்கின. அதற்கு மேல் எந்த லென்ஸுக்கும் வேலையில்லை. மூட்டைகளைக் கட்டியபின், வங்கிக்காரர் தம் அன்றைய பொக்கிஷத்தைக் காவலருக்குக் காட்ட விரும்பினார்: நத்தைகுத்தி ஒன்று, நீளமான குச்சியை அலகில் குறுக்காகக் கவ்வி, இரு சிறகும் அகல விரிய, சூரியனுக்கு நேரே திரும்பும் படம். அலகின் நடுவிலுள்ள இடைவெளியில் ஒளி ஊடுருவிற்று. குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இராது, வளர வளரத்தான் உண்டாகும் என்று டீச்சர் விளக்கினார். நாங்கள் மூவரும் ஒளியைப் புகழ்ந்தோம், இறகுகளின் கூர்மையைப் புகழ்ந்தோம். ஒரு விநாடியில் 2,000-இல் ஒரு பங்கு நேரம் என்று வங்கிக்காரர் கணக்குச் சொன்னார்.

காவலர் திரையை வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு பறவையை விட்டுவிட்டு, குச்சியின்மேல் விரலை வைத்தார்.

“திருட்டுக் குச்சி சார் இது. புதுசா ஒடிச்சிருந்தா பச்சையா இருக்கும், இல்ல காஞ்ச நெறமா இருக்கும். இதுல பாருங்க, வெள்ளை வெள்ளையா எச்சம் காஞ்சிருக்கு. வேற ஒரு கூட்டிலேருந்து உருவியிருக்கு.”

வங்கிக்காரர் படத்தைப் பெரிதாக்கினார். குச்சி முழுவதும் வெள்ளை. மூட்டையில் கட்டியிருந்த லென்ஸை மறுபடியும் அவிழ்த்து, போர்வையை உதறிவிட்டு, “எந்தக் கூடு?” என்று கேட்டார். காவலர் கையை நெற்றியில் வைத்து, நெளியும் மரங்களின் பக்கம் பார்வையைச் செலுத்தினார்.