நடுக்கடல்ல எர்த் ஏதுடா?

கப்பல் டிக்கெட்டைக் காட்டியதும் அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். "எவ்வளவு ஆச்சு?" என்று கேட்பார் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம் கம்பம் ஏறி ரிட்டயர் ஆன மனுஷருக்குப் பணத்தைவிட எர்த் முக்கியம். எங்கள் செங்கல்பட்டு வீட்டுக் கொல்லையில் இருக்கும் எர்த் குழிக்கு வெயில் காலத்தில் தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். துளசிக்கு ஊற்ற மறந்தாலும் மறப்பார், அதை மறக்கமாட்டார்.

எவ்வளவு ஆச்சு என்று நீங்களும் கேட்கவில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். என் பணம் இல்லை. கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆனதைக் கொண்டாட, மனைவி தன் ஏலச்சீட்டை எடுத்தாள். "ஃப்ரிட்ஜை மாத்தலாமே" என்றேன். "கப்பல்" என்றாள். 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் சுற்றுலாக் கப்பலுக்குக் கொடியசைத்ததை டி.வி.யில் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு இந்தக் கப்பல் ஜுரம். இரண்டு ராத்திரி, சென்னையில் ஏறி, கடலைச் சுற்றிவிட்டு, சென்னையிலேயே இறங்க வேண்டும். 'இதற்கு மெரினாவில் நின்று பார்த்தால் போதாதா?' என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

அப்பா சும்மா இருப்பாரா? தன் கையாலேயே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் செய்து கொடுத்தார். மரப்பெட்டி, நாலு பிளக் பாயிண்ட், சிவப்பு இண்டிகேட்டர், ஐந்து மீட்டர் ஒயர், ஒரு ஸ்பைக் பஸ்டர் சமாசாரம். கூடவே சுக்குக் காபிக்கு எலெக்ட்ரிக் கெட்டில், கொசு விரட்டி மெஷின். கடலில் கொசு ஏது என்று கேட்டால், "துறைமுகத்துல இருக்கும்டா" என்றார்.

துறைமுகத்து எக்ஸ்ரே மெஷினில் எங்கள் பெட்டி போனதும் பெல்ட் நின்றது. நாலு பேர் கூடிவிட்டார்கள். திரையில் பார்க்க அது சத்தியமாக வெடிகுண்டு மாதிரிதான் இருந்தது!

"இது என்ன சார்?"

"எங்கப்பா, சார்" என்றேன் பதற்றத்தில்.

கெட்டில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாம். அயர்ன் பாக்ஸ், கெட்டில், காயில் ஹீட்டர் போல சூடாகிற எதுவும் கப்பலில் கூடாது. தீ பிடித்தால் எட்டிக் குதிக்க அங்கே தெரு இல்லையே. சரி, பாவம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்ன தப்பு செய்தது? அங்கேதான் அப்பாவின் கேள்வி வருகிறது.

கப்பல் தன் கரண்ட்டைத் தானே ஜெனரேட்டரில் செய்துகொள்கிறது. அதற்கு எர்த் என்பது அதன் இரும்பு உடம்புதான். அந்த இரும்பு கடலில் நிற்கிறது. நம் வீட்டில் ஒரு ஒயர் ஃபேஸ், இன்னொன்று நியூட்ரல். நியூட்ரலை எர்த்தோடு கட்டியிருப்பார்கள். பல கப்பல்களில் அப்படிக் கட்டுவதில்லை. இரண்டு ஒயரிலும் கரண்ட் நடமாட்டம் உண்டு. ஸ்பைக் பஸ்டருக்குள் இருக்கும் சாமான்களோ வீட்டு ஒயரிங்கை நினைத்துச் செய்தவை. கப்பலில் மாட்டினால் அவை குழம்பிச் சூடாகித் தீப்பிடிக்கலாம். இதை அப்பாவிடம் சொன்னபோது, "அதானே கேட்டேன்" என்றார், ஏதோ அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி.

உள்ளே போனால் அடுத்த அடி. அறையில் இருந்தது இரண்டே பிளக் பாயிண்ட். ஒன்று தட்டைக் கால் வைத்த அமெரிக்க வகை, 110 வோல்ட். இன்னொன்று ஐரோப்பாவின் உருண்டை இரண்டு கால், 220 வோல்ட். நம் மூன்று உருண்டைக் கால் பிளக் இரண்டிலும் நுழையாது. இந்த மூன்று கால் வெள்ளைக்காரன் கொடுத்துவிட்டுப் போனது. அவனே 1947க்குப் பிறகு பட்டைக் கால்களுக்கு மாறிவிட்டான். நாம்தான் அவன் பழைய பிளக்கை இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம்.

செல்போனில் நாலு சதவிகிதம் சார்ஜ். மனைவியின் போனில் இரண்டு. பத்து வருஷ தாம்பத்தியத்தில் நாங்கள் இப்படி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதே இல்லை.

அறைக்குத் துண்டு கொண்டுவந்த பையனிடம் இங்கிலீஷில் ஆரம்பித்தேன். "தமிழ்லயே சொல்லுங்க சார்" என்றான். நாகர்கோவில் பக்கம். வயது இருபத்து நாலு இருக்கலாம். வரவேற்பில் இருந்த அடாப்டர்கள் எல்லாம் தீர்ந்துவிட்டதாம். ஐந்தே நிமிஷத்தில் திரும்பி வந்தான், கையில் ஒரு வெள்ளை அடாப்டரோடு. "இது என்னோடது சார். நான் ராத்திரி கூட இருக்கிறவன்கிட்ட வாங்கிச் சார்ஜ் போட்டுக்கறேன்." போவதற்கு முன் எங்கள் சார்ஜரைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்துப் பார்த்தான். 'இன்புட் 100-240' என்று இருந்தது. "இது எதுலயும் ஓடும் சார். அந்த எழுத்து இல்லாத எதையும் 110ல மாட்டிடாதீங்க." அப்பா அங்கே இருந்திருந்தால் அவனைக் கட்டிக்கொண்டிருப்பார்.

காசு விஷயம் இனிமேல்தான்.

கப்பலில் ரூபாய் நோட்டுக்கு மரியாதை கிடையாது. அறைச் சாவி அட்டைதான் பர்ஸ். ஏறும்போது நம் பாங்க் கார்டைக் காட்டிக் கணக்கு ஆரம்பித்துவிட வேண்டும். நான் பி.காம். படித்த புத்திசாலி, 'கடன் வேண்டாம்' என்று டெபிட் கார்டை நீட்டினேன். உடனே முன்பணமாகப் பத்தாயிரத்தை பிளாக் செய்துவிட்டார்கள். பிளாக் என்றால் எடுத்தது இல்லை, ஆனால் நமக்கும் இல்லை. கப்பல் விட்டு இறங்கி, பாங்க் அதை விடுவிக்கச் சில நாள் ஆகும். இம்மாதிரி இடங்களில் கிரெடிட் கார்டே உத்தமம். பூட்டிக் கிடப்பது பாங்க்கின் பணமாக இருக்கும், நம்முடைய பால் கணக்குப் பணமாக இருக்காது.

அட்டையில் செலவு செய்வது வலிக்காத ஊசி. காபி? நீட்டு. போட்டோ? நீட்டு. நடுக்கடலில் வை-ஃபை? நீட்டு. மனைவி மட்டும் ஒவ்வொன்றையும் கல்யாணப் பத்திரிகைக் கவரின் பின்பக்கம் பென்சிலில் குறித்துக்கொண்டே வந்தாள். நான் கிண்டல் செய்தேன். இரண்டாம் நாள் ராத்திரி கதவுக்கடியில் பில் வந்து விழுந்தபோது, அந்தக் கவரைத்தான் பிடுங்கிக்கொண்டேன்.

6,840 ரூபாய். கவர்க் கணக்குப்படி 5,240. வித்தியாசம் 1,600. பில்லின் கடைசி வரியில் இருந்தது: 'ஊழியர் அன்பளிப்பு. தலைக்கு, ராத்திரிக்கு 400.'

யாரைக் கேட்டுப் போட்டார்கள்? நேராக வரவேற்புக்குப் போனேன். எனக்கு முன்னால் பதினைந்து பேர் க்யூ. எல்லார் கையிலும் அதே பில், எல்லார் விரலும் அதே வரியில். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் சட்டம் பேசினார். "ஓட்டல்ல சர்வீஸ் சார்ஜைத் தானா பில்லுல சேர்க்கக்கூடாதுன்னு 2022லயே மத்திய நுகர்வோர் ஆணையம் சொல்லிடுச்சு. டெல்லி ஹைகோர்ட்டும் 2025 மார்ச்சுல அதை உறுதி பண்ணிடுச்சு. தெரியுமோ?" எனக்குத் தெரியும். அன்று இன்னும் நன்றாகத் தெரிந்தது.

என் முறை வந்தது. அந்தப் பெண் சிரித்த முகத்தோடு, "எடுத்துடலாம் சார்" என்று ஒரு பாரத்தை நகர்த்தினாள். பெயர், அறை எண், கையெழுத்து. நடுவில் ஒரு கட்டம். 'காரணம் / சேவையில் குறை.'

பேனா அங்கே நின்றுவிட்டது.

காலேஜ் படிக்கும்போது டிசம்பர், ஜனவரி லீவு நாட்களில் நான் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து மாமல்லபுரம் போய் ஒரு சின்ன லாட்ஜில் ரூம்பாய் வேலை பார்த்தேன். ஒத்தவாடைத் தெருப் பக்கம். நாள் கூலி அறுபது ரூபாய், மீதி டிப்ஸ். மோட்டார் ரிப்பேர் ஆன ஐந்து நாள், இரண்டாம் மாடிக்கு பக்கெட்டில் தண்ணீர் சுமந்ததற்கு ஒரு வயதான தம்பதி தலையணை மேல் மூன்று யூரோ வைத்துவிட்டுப் போனார்கள். மனசுக்குள் பெருக்கிப் பார்த்து ஆகாயத்தில் பறந்தேன். பணம் மாற்றும் கடைக்காரர் ஒரே வார்த்தையில் தரையில் இறக்கினார்: "நோட்டுதான் எடுப்போம். சில்லறை எடுக்கமாட்டோம்."

அந்தச் சில்லறைக்கென்றே எங்களுக்கு ஒரு ரிசர்வ் பாங்க் இருந்தது. ஒரு சீனியர் சர்வர் எல்லாப் பையன்களின் நாணயங்களையும் வாங்கிச் சேர்த்து, ஊருக்குத் திரும்புகிற வெள்ளைக்காரர்களிடம் கொடுத்து நோட்டாக மாற்றித் தருவார். பத்துக்கு ஒன்று கமிஷன். பாலன்ஸ் ஷீட்டை நான் அவரிடம்தான் உருப்படியாகக் கற்றுக்கொண்டேன்.

ஆனால் பேனா நின்றது அதனால் இல்லை. இன்னொருத்தர் வந்தார், நம்ம ஊர்க்காரர்தான். இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தார். காலி செய்யும்போது வாடகையைக் குறைக்கச் சொல்லி முதலாளியிடம் வாதாடினார். காரணம் கேட்டதும், "ரூம்பாய் மரியாதையாப் பேசலை" என்றார். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். வாடகையில் நூறு ரூபாய் குறைந்தது. எனக்கு அன்றைய அறுபதும் போச்சு. திருக்கழுக்குன்றம் வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

"சார், அடாப்டர் வேலை செய்யுதா?"

திரும்பினேன். துண்டுகளை அடுக்கிக்கொண்டு அந்த நாகர்கோவில் பையன். க்யூவைப் பார்த்தான், பாரத்தைப் பார்த்தான். எந்தப் பாரம் என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அது பழகின முகம். எனக்கும் ஒரு காலத்தில் அந்த முகம் இருந்தது.

"சூப்பரா வேலை செய்யுது தம்பி" என்றேன். பெண்ணிடம், "இல்லம்மா, பில்லுக்கு ரசீது எப்ப கிடைக்கும்னு கேட்க வந்தேன்" என்று உளறிவிட்டு, பாரத்தை மடித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். பெரியவர் என்னைக் கோழை என்று பார்த்தார். அவர் சொன்ன சட்டத்தில் தப்பில்லை. கேட்காமல் போடுவது தப்புதான் என்று இப்போதும் சொல்வேன். ஆனால் அந்தக் கட்டத்தில் எழுத எனக்குக் குறை கிடைக்கவில்லை.

அன்று ராத்திரி மேல்தளத்தில் நின்றபோது, தூரத்தில் ஒரு வெளிச்சம் விட்டுவிட்டு மின்னியது. மாமல்லபுரம் லைட்ஹவுஸ் என்று அடித்துச் சொன்னேன். மனைவி கல்பாக்கம் என்றாள். அந்த லைட்ஹவுஸ் கட்டுவதற்கு முன் பக்கத்துக் குன்றின் உச்சியில் இருக்கும் பல்லவர் கோயிலின் மொட்டை மாடியில்தான் கப்பல்களுக்கு விளக்கு வைத்தார்கள் என்று சொல்லி வாதத்தை ஜெயிக்கப் பார்த்தேன். "அதனால அது கல்பாக்கம் இல்லைன்னு ஆயிடுமா?" என்றாள்.

காலையில் பையன் பெட்டியை எடுக்க வந்தான். பர்ஸில் ஒரே ஒரு ஐந்நூறு ரூபாய் இருந்தது. பீச் ஸ்டேஷனுக்கு ஆட்டோ, அங்கிருந்து செங்கல்பட்டு ரயில், எல்லாவற்றுக்கும் அதுதான். கவரில் போட்டுக் கொடுத்தேன்.

"பில்லுலயே வந்திருக்குமே சார்?"

"அது கம்பெனிக்கு. இது உனக்கு."

"அப்படி இல்லை சார். அதுல எனக்கும் கொஞ்சம் வரும். பாத்திரம் கழுவறவங்க, லாண்டிரில இருக்கிறவங்களுக்கும் வரும். அவங்களை நீங்க பார்த்திருக்கவே மாட்டீங்க." சொல்லிவிட்டுக் கவரை வாங்கிக்கொண்டான். ஆட்டோவுக்கு மனைவி போனில் பணம் அனுப்பினாள். நன்றாகச் சார்ஜ் ஏறிய போன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தோம். அப்பா முதலில் தன் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்து, கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் சார்ஜரைத் தூக்கினார். அதன் கால்களில் ஒட்டிக்கொண்டு அதுவும் வந்தது. வெள்ளை அடாப்டர். அவசரத்தில் சுவரிலிருந்து அப்படியே பிடுங்கிப் போட்டிருக்கிறாள்.

நானும் மனைவியும் மறுபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பையன் கேட்கவே இல்லை. மறந்தானா, கவரை வாங்கிய கையால் எப்படிக் கேட்பது என்று விட்டானா தெரியவில்லை. கப்பல் அடுத்து எப்போது சென்னைக்கு வருகிறது என்று பார்த்தேன். திங்கட்கிழமை. துறைமுக வாசலில் யாரிடம் கொடுத்தால் அவன் கைக்குப் போகும்?

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடாப்டரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் கேட்டேனே, பார்த்தியா? இதுல எர்த் பின்னே இல்லையேடா!"