அறிக்கை எடுக்கும் முன்

கல்லூரியின் மாணவர் பதிவு மென்பொருளில் அறிக்கை எடுக்கும் வேலையில் பெரும்பகுதி, பட்டனை அழுத்துவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். ‘நம் கல்லூரியில் மொத்தம் எத்தனை மாணவர்கள்?’ என்று முதல்வர் அறையிலிருந்து கேள்வி வரும். ஓர் எண் சொன்னால் போதும் என்று தோன்றும். அதே கேள்விக்கு மென்பொருளில் நாலைந்து விடைகள் இருக்கின்றன. சேர்க்கை ஆணை பெற்றவர்கள், முதல் தவணைக் கட்டணம் கட்டியவர்கள், நாமினல் ரோலில் பெயர் உள்ளவர்கள், வகுப்புக்கு வருபவர்கள், மூன்றாண்டு முடிந்தும் அரியர் எழுதிக்கொண்டிருப்பவர்கள் என்று ஒவ்வொரு கூட்டமும் ஓர் எண் தரும். எந்த எண்ணும் பொய் இல்லை. கேட்டவருக்கு எது வேண்டும் என்று தெரியாமல் எடுத்துக் கொடுப்பதுதான் பிழை. ஆகவே கேள்வி யாரிடமிருந்து வந்தது, எதற்காக வந்தது என்பதை விசாரித்துக்கொள்வதே முதல் வேலை. இதற்குத் தயங்கத் தேவையில்லை. கேட்டுத் தெளிந்துகொள்ளும் அலுவலரின் அறிக்கை இரண்டாம் முறை திரும்பி வருவது குறைவு.

கேள்வியோடு தேதியும் முடிவாக வேண்டும். மாணவர் பட்டியல் நாள்தோறும் மாறுகிறது. ஆகஸ்டில் சேர்ந்தவர் கலந்தாய்வின் அடுத்த சுற்றில் வேறு கல்லூரிக்குப் போவார், நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கையில் பாலிடெக்னிக் முடித்தவர்கள் வந்து சேர்வார்கள், டி.சி. வாங்கிப் போனவரின் ஸ்டேட்டஸை மாற்ற யாரோ மறந்திருப்பார்கள். அகில இந்திய உயர்கல்வி ஆய்வு பல ஆண்டுகள் செப்டம்பர் 30-ஐக் குறிப்பு நாளாக வைத்துப் புள்ளிவிவரம் கேட்டது இந்தக் காரணத்தால்தான். அந்த ஆய்வுக்கான எண்ணை ஜனவரியில் எடுத்தால், ‘இன்றைய நிலை’ என்ற ஃபில்டர் தவறான விடையே தரும். சேர்ந்த தேதி குறிப்பு நாள் அல்லது அதற்கு முன்பு, நீங்கிய தேதி அதற்குப் பின்பு அல்லது வெற்று என்று நிபந்தனை வைக்க வேண்டும். நீங்கிய தேதியைப் பதியாமல் ஸ்டேட்டஸை மட்டும் மாற்றும் பழக்கம் உள்ள அலுவலகத்தில் இந்த அறிக்கையைச் சரியாக எடுக்கவே முடியாது.

இடஒதுக்கீட்டுப் பிரிவுவாரி அறிக்கைகளில் வேறொரு சிக்கல். தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டின் 69 சதவீதம் மாநிலத்துக்கே உரிய பிரிவுகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி.யும் சீர்மரபினரும் சேர்ந்து 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. மத்திய அரசின் படிவங்களோ எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. என்றே கேட்கும். எதை எதனோடு சேர்ப்பது என்பதை ஒவ்வொரு முறையும் எக்செலில் கையால் செய்தால், ஒருவர் அருந்ததியரை எஸ்.சி.யில் சேர்ப்பார், அடுத்த ஆண்டு வேறொருவர் விட்டுவிடுவார். இந்தப் பொருத்தத்தை மென்பொருளிலேயே ஒரு அட்டவணையாக ஒருமுறை எழுதி, பொறுப்பானவர் கையெழுத்தோடு கோப்பில் வைப்பது நல்லது. வெளிமாநிலத்தவர் எத்தனை பேர் என்று தேசியத் தரவரிசைக்குக் கேட்கும்போதும் இதே கவனம் வேண்டும். பாலக்காட்டிலிருந்து வந்து கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவியின் தொடர்பு முகவரி கோவையாகவே இருக்கும். நிரந்தர முகவரியைப் பார்க்காமல் எடுத்த அறிக்கை அவரை உள்ளூர்க்காரராக எண்ணிவிடும்.

அறிக்கையில் ஆட்கள் காணாமல் போவதும் இரட்டிப்பாவதும்தான் அதிகம் நடப்பவை, கண்ணுக்குக் குறைவாகத் தெரிபவை. மாணவர் அட்டவணையையும் சாதிச் சான்றிதழ் அட்டவணையையும் இணைத்துப் பட்டியல் எடுக்கும்போது, சான்றிதழ் விவரம் இன்னும் ஏற்றப்படாத மாணவர் பட்டியலிலிருந்தே விழுந்துவிடுவார். மென்பொருள் எச்சரிக்கை எதுவும் காட்டாது. தாளில் இல்லாத பெயரை யாரும் தேடவும் மாட்டார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு மாணவிக்கு இரண்டு கைப்பேசி எண்கள் பதிவாகியிருந்தால் அவர் இரண்டு வரிகளில் வருவார். அவரே இரண்டு உதவித்தொகைகளுக்கு விண்ணப்பித்தும் இருந்தால் அந்த இரண்டு வரிகள் நான்காகும். அதனால் வரிகளை எண்ணக் கூடாது. தனித்த பதிவெண்களை எண்ண வேண்டும். ‘விவரம் இல்லை’ என்ற பிரிவு ஒவ்வொரு அறிக்கையிலும் ஒரு வரியாக இருந்தே ஆக வேண்டும். அந்த வரியில் பூஜ்யம் வரும்வரை அறிக்கை வெளியே போகக் கூடாது.

இதைக் கணக்கு நுணுக்கம் என்று தள்ளிவிட முடியாது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தோரும் இவற்றில் அடங்குவர். பல கல்லூரி மென்பொருள்களில் ‘கடைசியாகப் படித்த பள்ளி’ என்ற ஒரே கட்டம்தான் இருக்கிறது. அதை வைத்துத் தகுதியானவர் பட்டியல் எடுத்தால், பத்தாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் படித்துப் பதினொன்றில் அரசுப் பள்ளிக்கு மாறியவர் உள்ளே வருவார். பள்ளிப் பெயரைச் சுருக்கி எழுதியதால் அரசுப் பள்ளி என்று மென்பொருளுக்குத் தெரியாத மாணவி வெளியே நிற்பார். அந்தப் பட்டியலை அப்படியே நம்பாமல், பள்ளிக்கல்வித் துறை மாணவருக்குத் தரும் எமிஸ் எண்ணை வைத்துப் பள்ளி விவரத்தைச் சரிபார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். விட்டுப்போன ஒரு பெயர் ஒரு வீட்டின் பேருந்துக் கட்டணம்.

வருகைப் பதிவு அறிக்கைக்கு இன்னும் நிதானம் தேவை. பல பல்கலைக்கழகங்களில் 75 சதவீதம் இருந்தால்தான் தேர்வெழுதலாம். ஒரு பாடத்துக்கு 63 வகுப்புகள் நடந்து, மாணவர் 47-க்கு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு 74.6. தசமம் இல்லாமல் அச்சிட்டால் தாளில் 75 என்று வரும். ஆனால் ‘75-க்குக் கீழ்’ என்ற ஃபில்டர் உண்மையான எண்ணைப் பார்ப்பதால் அவர் பற்றாக்குறைப் பட்டியலிலும் இருப்பார். அவருடைய அப்பா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு துறைத்தலைவரிடம் கேட்கும் கேள்விக்கு விடை இருக்காது. இவ்வகை அறிக்கையில் இரண்டு தசம இடங்கள் கட்டாயம். தாமதமாகச் சேர்ந்தவருக்கு வகுக்கும் எண்ணே மாறுகிறது. 12 வகுப்புகள் முடிந்த பின் சேர்ந்து 42-க்கு வந்த மாணவிக்கு 63-ஆல் வகுத்தால் 66.67, அவர் சேர்ந்த பிறகு நடந்த 51-ஆல் வகுத்தால் 82.35. எது விதி என்பதைக் கல்லூரி எழுத்தில் வைத்திருக்க வேண்டும்; மென்பொருளின் இயல்புநிலை அதை முடிவுசெய்யக் கூடாது.

தேர்ச்சி விழுக்காடும் இப்படித்தான். 60 பேர் பதிவுசெய்து, 56 பேர் தேர்வெழுதி, 42 பேர் தேறினால், எழுதியவர்களில் 75, பதிவுசெய்தவர்களில் 70. எந்த அடிப்படை என்பதைத் தலைப்பிலேயே எழுத வேண்டும். தேர்வுக்கு வராதவருக்கு மதிப்பெண் கட்டத்தில் 0 போட்டுவைத்தால் சராசரி கெடும். வராததை வராததாகவே பதிய வேண்டும்.

அறிக்கை எக்செலுக்குப் போகும்போது நடக்கும் சேதம் தனி. அண்ணா பல்கலைக்கழகப் பதிவெண் 12 இலக்கம். சி.எஸ்.வி. கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் அது தசமப் புள்ளியும் ‘ஈ+11’ என்ற வாலும் கொண்ட ஏதோ எண்ணாகத் தெரியும். அந்த நிலையில் சேமித்துவிட்டால் எண்ணின் பின்பாதி போய்விடும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களையே காக்கும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தை அது பூஜ்யமாக்கிவிடும். உதவித்தொகை திரும்பி வந்த பிறகுதான் இது தெரியவரும். முன்னால் பூஜ்யம் உள்ள எண்களில் பூஜ்யம் உதிரும். இதற்குப் பாதுகாப்பான வழி, கோப்பை நேரடியாகத் திறக்காமல், தரவு இறக்குமதி வழியாகக் கொண்டுவந்து அந்தப் பத்திகளை ‘டெக்ஸ்ட்’ என்று குறிப்பது. தமிழ்ப் பெயர்கள் புரியாத குறிகளாக வந்தால், இறக்குமதியின்போது யூ.டி.எஃப்.-8 என்பதைத் தேர்ந்தால் சரியாகும்.

பெயர்வரிசையிலும் கவனம் வேண்டும். ‘மு. கவிதா’ என்று இனிஷியல் முன்னால் பதிந்தவர் ‘ம’வில் போய் நிற்பார், ‘கவிதா மு.’ என்று பதிந்தவர் ‘க’வில் இருப்பார். இனிஷியலுக்குத் தனிக் கட்டம் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. தமிழ் எழுத்தில் அடுக்கும்போது, யூனிகோடு எண்வரிசையை மட்டும் பார்க்கும் மென்பொருள் ‘ன’வை ‘ந’வுக்கு அடுத்தும், ‘ற’வை ‘ர’வுக்கு அடுத்தும் வைக்கும், புள்ளி வைத்த மெய் உயிர்மெய்க்குப் பின்னால் தள்ளப்படும். ஆகவே தேர்வறை ஒதுக்கீட்டைப் பதிவெண் வரிசையில் எடுப்பது பாதுகாப்பு.

எடுத்த அறிக்கையைச் சரிபார்க்கப் பெரிய கருவி வேண்டாம். துறைவாரிக் கூட்டலும் ஆண்-பெண் கூட்டலும் மொத்தத்தோடு பொருந்த வேண்டும். போன ஆண்டின் எண்ணோடு ஒப்பிட்டு, பெரிதாக விலகியதற்குக் காரணம் சொல்ல முடிய வேண்டும். பிறகு, நன்றாகத் தெரிந்த ஒரு வகுப்பின் பட்டியலை வகுப்பாசிரியரிடம் கொடுத்துப் பெயர்பெயராகப் பார்க்கச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசிச் சோதனையில் அகப்படும் பிழைகள் கூட்டலில் அகப்படுவதில்லை.

சரியென்று முடிவான அறிக்கையின் நிபந்தனைகளை, பயனும் ஆண்டும் தெரியும் பெயரில் மென்பொருளில் சேமித்து, எடுத்த நாளும் நேரமும் அடிக்குறிப்பில் வருமாறு அமைக்க வேண்டும். அனுப்பிய வடிவத்தைப் பி.டி.எஃப். ஆகத் தனியே வைத்தால், ஆறு மாதம் கழித்து வரும் கேள்விக்கு மீண்டும் எடுத்துப் பார்த்துக் குழம்ப வேண்டியிருக்காது. கேட்காத பத்திகளை நீக்கிவிட்டே அனுப்ப வேண்டும். துறைக்கு வருகைப் பட்டியல் போகும்போது ஆதார் எண்ணுக்கும் சாதிக்கும் அதில் இடமில்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியிருக்கிறது; அதற்கு முன்பும் மாணவியரின் கைப்பேசி எண்கள் அடங்கிய எக்செல் கோப்பு வாட்ஸ்அப் குழுவில் சுற்றுவதை யாரும் நியாயப்படுத்தியிருக்க முடியாது. அலுவலகக் கணினியின் பதிவிறக்க ஃபோல்டரில் குவிந்துகிடக்கும் பழைய பட்டியல்களையும் பருவம் முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.