தறிக்குழிக்குள் இருக்கும் கால்

கண்ணு, நீ வரைந்த என் படத்தைத் தெருவில் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மூக்குக் கண்ணாடி, நரைத்த புருவம், நாடா தள்ளுகிற கை, எல்லாம் அச்சு அசல் நான்தான். சட்டம் போட்டு மாட்டவேண்டும் என்கிறாள் உன் ஆயா. எனக்கு ஒரே ஒரு குறை. காலைக் காணோம். இடுப்புக்குக் கீழே கறுப்பாகப் பூசிவிட்டாய்.

"குழிக்குள்ள இருக்கிறது தெரியலையே தாத்தா" என்பாய். தெரியாதுதான். ஆனால் தறியில் பாதி வேலை அங்கேதான் நடக்கிறது. மிதியை அழுத்தினால்தான் பாவு பிரியும், பாவு பிரிந்தால்தான் நாடா ஓடும். நான் தனியாக நெய்த முதல் சேலையில், முந்திக்கு நாலு விரல் இருக்கும்போது மிதி தவறி இழை மாறிவிட்டது. கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா திட்டவில்லை. ஒரு வாரம் தறியில் உட்கார விடாமல் குழிக்குப் பக்கத்தில் குந்த வைத்தார். "கையைப் பாக்காதே, காலை மட்டும் பாரு" என்றார். மூன்றாம் நாள்தான் பிடிபட்டது: கை ஓடுவதற்கு முன்பே கால் முடிவு பண்ணிவிடுகிறது.

சென்னைக்குப் போய்ச் சிற்பம் படிக்கப் போகிறேன் என்கிறாய். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. போகட்டும். நீ சேரப்போகிற கவின் கலைக் கல்லூரியை 1850-இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர். கத்தி பிடித்தவருக்குப் படம் எழுதுவதில் என்ன அக்கறை என்று நான் யோசித்ததுண்டு. எலும்பு எங்கே, நரம்பு எங்கே என்று தெரிந்தவருக்கு அந்த ஆசை வருவதில் வியப்பில்லை.

போனதும் தீவுத்திடல் பக்கம் போய் மன்றோ சிலையைப் பார். தாமஸ் மன்றோ ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர், சென்னை மாகாண கவர்னராக இருந்தவர். குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார்; சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. மிதிக்க ஒன்றும் இல்லாமல் கால் தொங்குகிறது. சிற்பி மறந்துவிட்டார், அந்த வெட்கத்தில் உயிரை விட்டார் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். நம்பாதே. செய்தவர் பிரான்சிஸ் சாண்ட்ரி என்ற ஆங்கிலேயர். லண்டனில் டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கிற நான்காம் ஜார்ஜ் மன்னர் சிலையும் அவர் வேலைதான், அதிலும் அங்கவடி கிடையாது. வேண்டுமென்றே விட்டிருக்கிறார். தெரிந்து விடுவது வேறு, பார்க்காமல் விடுவது வேறு. உன் படத்தில் எது நடந்தது என்பது உனக்கே தெரியும்.

அங்கிருந்து கடற்கரைக்கு நட. உழைப்பாளர் சிலை. அங்கே ஒரு மணி நேரமாவது நில். நாலு ஆள், ஒரு பாறை. 1959-இல் வைத்தது. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1899-இல் ரங்பூர்ப் பக்கம் பிறந்த வங்காளி. அபனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பழகியவர். உன் கல்லூரிக்கு முதல் இந்தியத் தலைவராக வந்து முப்பது வருஷத்துக்குக் கிட்ட இருந்தார். ஆள் முகத்தை எழுதுவதிலும் கெட்டிக்காரர், களிமண்ணில் பிடிப்பதிலும் கெட்டிக்காரர். குஸ்தி போடுவார், புல்லாங்குழல் வாசிப்பார், வேட்டைக்கும் போவார். குஸ்தி போட்ட உடம்புக்குத்தான் பாரம் எங்கே இறங்கும் என்று தெரியும் என்பது என் எண்ணம். கல்லூரிக் காவலாளியையும் ஒரு மாணவரையும் நிறுத்திவைத்து அந்தச் சிலையைச் செய்ததாகச் சொல்வார்கள்.

அந்த நாலு பேரின் முகத்தை முதலில் பார்க்காதே. பின்னால் போய் நின்று கெண்டைக்காலைப் பார். பாறை கையில் இருக்கிறது, கனம் காலில் இருக்கிறது. அப்புறம் அதே கடற்கரையில் காந்தி சிலை. அதுவும் அவர் செய்ததுதான், அதுவும் 1959-தான். கிழவர் நிற்கவில்லை, கோலை ஊன்றி நடக்கிறார். முகத்தை மறைத்துவிட்டு எட்டு வைக்கிற காலை மட்டும் காட்டினாலும் இன்னார் என்று சொல்லிவிடலாம்.

ராய் சௌத்ரியிடம் படித்தவர்களில் தனபால் ஓவியம் கற்கச் சேர்ந்து சிற்பியானவர். பணிக்கர் 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உண்டாக்கினார். ஒருவர் வேலை இன்னொருவர் வேலை மாதிரி இருக்காது. குருவின் சாயலைப் பிடித்துத் தொங்கியவர்கள் பேர் எனக்கு ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

ஆரணிச் சேலையைக் காஞ்சிபுரம் மாதிரி இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. நம் சேலை கனம் குறைவு, அன்றாடம் உடுத்த லேசாக இருக்கும், அதற்கென்று புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறோம். உன்னையும் யார் மாதிரி என்று கேட்பார்கள். சிரித்துவிட்டு வேலையைப் பார்.

பொங்கலுக்கு வருவாயல்லவா, அப்போது படத்தை எடுத்துவா. புதுப் பாவு பிணைத்து வைத்திருப்பேன். வலது கணுக்காலில் மிதிக்கட்டை உரசி உரசிக் காய்ப்பு விழுந்திருக்கிறது, பெருவிரல் கொஞ்சம் உள்பக்கம் வளைந்துவிட்டது. குழிக்குள் வெளிச்சம் போதாது. டார்ச் கொண்டுவா.