பில்லில் மட்டும் இருந்த பேஸ்ட்

சர்வீஸ் சார்ஜ், கிளீனிங், தெர்மல் பேஸ்ட். அந்த பில்லில் இப்படித்தான் எழுதினேன். மூன்றாவதாக எழுதியதை நான் போடவில்லை.

மறதியில் எழுதிவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். அது பொய். தெரிந்தேதான் எழுதினேன். அதைக் காப்பாற்றப்போய் ஒருவருடைய பிழைப்பிலும் ஒரு பையனுடைய பெயரிலும் கைவைத்தேன். நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அந்த பில்லுக்கு உரியவர் கல்யாண வீடியோ எடுப்பவர். என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வீட்டு மாடியில் எடிட்டிங். அவருக்கு இருந்தது ஒரே மெஷின். இன்டெல் கோர் ஐ7, 4790, 2014-ல் வந்த சிப். எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருளைப் போட்டு நாள் முழுக்க ஓட்டுவார். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் அந்த மாதம்தான் மெஷின் என் கடைக்கு வரும். "தை பொறந்தா தலைநிமிர நேரமிருக்காது தம்பி. எல்லாத்தையும் கழட்டிச் சுத்தம் பண்ணிக் குடுத்துடுங்க" என்றார். பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கழற்றினேன். ஹீட்சிங்க்கின் இடுக்கெல்லாம் தூசு கம்பளி மாதிரி அப்பிக்கிடந்தது. புளோயர் வைத்து ஊதினேன். நன்றாகவே செய்தேன். அதில் குறை சொல்ல முடியாது. பிறகு பேஸ்ட் சிரிஞ்சை எடுத்து அழுத்தினேன். காற்றுதான் வந்தது.

இந்த இடத்தில் நான் செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான். நாலு கடை தள்ளி இன்னொரு சர்வீஸ் கடை இருக்கிறது. கடைப் பையனை அனுப்பினால் வாங்கிவந்திருப்பான். ஒரு சிப்புக்குத் தேவை பட்டாணி அளவு. விலை என்று பார்த்தால் ஐம்பது ரூபாய்கூடத் தேறாது. ஆனால் அந்தக் கடைக்காரரிடம் போய்க் கேட்க எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. "சென்னையிலிருந்து ஸ்டாக் வரணும், நாளைக்கு வாங்கிக்குங்க அண்ணே" என்று சொல்லவும் வாய் வரவில்லை. பேஸ்ட்கூட இல்லாமலா கடை நடத்துகிறான் என்று அவர் நினைத்துவிடுவாரே.

பழைய பேஸ்ட்டைத் துடைக்கக்கூட இல்லை. துடைத்தால் புதிது போட்டாக வேண்டும். அப்படியே ஹீட்சிங்க்கைத் திரும்ப வைத்தேன். நாலு மூலையிலும் இருக்கும் பின்களை எதிரெதிராக அழுத்தினேன். டக், டக் என்று உட்கார்ந்தன.

அப்போது பையன் கேட்டான். என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த பையன், பாலிடெக்னிக் முடித்தவன். "அண்ணே, பேஸ்ட் போடலியே?"

மெதுவாகத்தான் கேட்டான். ஆனால் ஸ்டூலில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு முகம் சுட்டது. "உனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதா? போட்டாச்சு, நீ பாக்கல. எனக்கே பாடம் எடுக்கிறியா? போய் டீ சொல்லு" என்றேன். அவன் போனான். நான் பில் எழுதினேன்.

பேஸ்ட் போடாமல் விட்டதைச் சோம்பல் என்று சொல்லலாம். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் வேறு வகை. பையன் கேட்காமல் இருந்திருந்தால், நாலு நாள் கழித்து ஏதோ சாக்குச் சொல்லி மெஷினை வரவழைத்துச் சரிசெய்திருப்பேன் என்று நினைக்கிறேன். அவன் சரியாகக் கேட்டுவிட்டான். அதன்பிறகு அந்த ஹீட்சிங்க்கைத் திரும்பத் திறப்பது அவன் காலில் விழுவதுபோல் எனக்குப் பட்டது.

பேஸ்ட் எதற்கு என்று தெரியாமல் செய்தவன் அல்ல நான். சிப்பின் மேல்தகடும் ஹீட்சிங்க்கின் அடிப்பாகமும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். நுணுக்கமாகப் பார்த்தால் இரண்டிலும் மேடுபள்ளம். அழுத்தி வைத்தாலும் அங்கங்கே புள்ளிபுள்ளியாகத்தான் தொடும். மற்ற இடமெல்லாம் காற்று. வெப்பத்தைக் கடத்தும் திறனில் செம்பு 400 என்றால் காற்று வெறும் 0.026. நாம் போடும் பேஸ்ட் ஒன்றிலிருந்து பத்துக்குள் வரும். செம்போடு வைத்துப் பார்த்தால் பேஸ்ட் ஒன்றுமே இல்லை. காற்றோடு வைத்துப் பார்த்தால் பல மடங்கு மேல். காற்று இருக்கும் பள்ளத்தை நிரப்புவது மட்டும்தான் அதன் வேலை. அதனால்தான் அப்பிவைக்கக் கூடாது, மெல்லிசாகப் பரவ வேண்டும். நாளாக நாளாக அதிலிருக்கும் எண்ணெய் பிரிந்து காய்ந்துவிடும். காய்ந்ததை ஒருமுறை பிரித்துவிட்டால் பழையபடி ஒட்டாது. திரும்ப வைக்கும்போது நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். ஹீட்சிங்க்கைக் கழற்றாமலே விட்டிருந்தால்கூட அந்த மெஷினுக்கு இவ்வளவு கேடு வந்திருக்காது.

இதையெல்லாம் அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

அன்றைக்கு மெஷின் ஆன் ஆனது. விண்டோஸ் வந்தது. பயாஸில் வெப்பநிலையை ஒரு கண் பார்த்தேன், ஆபத்தாக இல்லை. சும்மா இருக்கும் சிப் எங்கே சுடும்? ரெண்டரிங் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஓட்டவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டேன்.

2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற இணையதளம் ஒரு வீடியோ வெளியிட்டது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹீட்சிங்க்கைத் தூக்கிவிடுவார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பிக்கும். ஏஎம்டி அத்லான் புகைந்து கருகிப்போகும். இந்தத் தொழிலில் இருக்கும் பலரும் பார்த்து வாய்பிளந்த வீடியோ அது. இப்போதைய சிப்கள் எல்லாமே தங்களைக் காத்துக்கொள்ளத் தெரிந்தவை. 4790 நூறு டிகிரியைத் தொட்டால் தானாக வேகத்தைக் குறைக்கும். அதையும் மீறிப்போனால் அணைந்துவிடும். கருகாது. அத்லான் காலத்து மெஷினாக இருந்திருந்தால் என் பொய் அன்று மாலையே புகையோடு வெளியே வந்திருக்கக்கூடும். சிப் தன்னைக் காப்பாற்றிக்கொண்டபோது என்னையும் சேர்த்துக் காப்பாற்றியது. பாதிக்கப்பட்டது அந்த அண்ணன் மட்டும்தான்.

தையில் போன் வந்தது. "ஸ்லோவா இருக்கு தம்பி. ரெண்டர் போட்டா முன்ன மாதிரி ஓடல." விண்டோஸ் பிரச்சினையாக இருக்கும் என்றேன். ஃபார்மேட் செய்து கொடுத்தேன். எடியஸை மறுபடி போட்டு, கல்யாணப் பத்திரிகைக்கு ஏற்ற தமிழ் ஃபாண்டுகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்க அவருக்கு நாள் பிடித்தது. அதுவும் முகூர்த்த நாட்களில். ஃபார்மேட்டுக்குப் பணம் வாங்கினேன்.

வெயில் ஏற ஏற நிலைமை முற்றியது. அறையில் எத்தனை டிகிரி ஏறுகிறதோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி சிப்பிலும் ஏறும். சித்திரையில் மாடி அறை எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ரெண்டரின் பாதியில் மெஷின் அணைய ஆரம்பித்தது. அவர் வீட்டுக்குப் போனேன். கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார். நேர் எதிரே டேபிள் ஃபேனை வைத்திருந்தார். "இப்படி வச்சா கொஞ்ச நேரம் தாங்குது தம்பி" என்றார்.

ஃபேன் வைத்தால் தாங்குகிறது. இதைவிடத் தெளிவாக ஒரு மெஷின் தன் நோயைச் சொல்ல முடியாது. ஹார்டுவேர் தெரியாதவர் அதைக் கண்டுபிடித்து என் முன்னால் வைத்துவிட்டார். வெப்பநிலை காட்டும் மென்பொருள் என் பென்டிரைவிலேயே இருந்தது. திறக்கவில்லை. திறந்தால் என்ன எண் வரும் என்று எனக்குத் தெரியும். "ஃபோர்த் ஜெனரேஷன் கொஞ்சம் சூடாத்தான் இருக்கும்ணே. இன்டெல்காரனே உள்ள சோல்டர் பண்ணாம பேஸ்ட் போட்டு மூடிட்டான்" என்றேன். இது உண்மைதான். 2012-ல் ஐவி பிரிட்ஜ் சிப்கள் வந்தபோது சிப்புக்கும் மேல்தகட்டுக்கும் நடுவே சோல்டரை எடுத்துவிட்டுப் பேஸ்ட்டுக்கு மாறினார்கள். 2018-ல் ஒன்பதாம் தலைமுறையில்தான் சோல்டர் திரும்பியது. உண்மையையே எடுத்து அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். பிறகு, "எதுக்கும் எஸ்எம்பிஎஸ் மாத்திடலாம், பவர் பத்தல" என்றேன். மாற்றினேன். பணம் வாங்கினேன்.

கழற்றிய எஸ்எம்பிஎஸ் நன்றாக இருந்தது. அதைத் துடைத்து வேறொருவருக்கு விற்றேன்.

வைகாசியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை துபாயில் வேலை செய்பவர். அவர் கிளம்புவதற்குள் வீடியோ கைக்கு வரவேண்டும் என்று பேச்சு. மெஷின் ஒரு ராத்திரி அணைந்தபோது புராஜெக்ட் ஃபைல் கெட்டுவிட்டது. ரிசப்ஷன் பகுதி முழுவதையும் அண்ணன் முதலிலிருந்து எடிட் செய்தார். பகலில் சூடு தாங்காது என்று ராத்திரிகளில் உட்கார்ந்தார். முடியவில்லை. மாப்பிள்ளை போய்விட்டார். பெண் வீட்டார் பாக்கிப் பணத்தைத் தர மறுத்தார்கள். அவருடைய கூட்டாளிக்கும் கேமராமேனுக்கும் அவர் கைப்பணத்திலிருந்து கொடுத்தார். அந்தப் பெண்ணின் தங்கை கல்யாணமும் அவருக்கு வரவேண்டியது. வேறு ஸ்டூடியோவுக்குப் போயிற்று.

அவர் மெஷினோடு கடைக்கு வந்தார். கத்தவில்லை. "என்னதான் ஆச்சுன்னு சொல்லுங்க தம்பி" என்றார். பையன் பக்கத்தில் நின்றான். அவன் வாயைத் திறந்துவிடுவானோ என்று பயம் வந்தது. முந்திக்கொண்டேன். "மார்கழில சர்வீஸ் பண்ணப்ப இவனும் கைவச்சான். பின் எதையாவது சரியா அழுத்தியிருக்க மாட்டான்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். நான் ஸ்க்ரூடிரைவரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன்தான், "சின்னப் பையன், போகட்டும்" என்றார். மறுநாள் அவன் வரவில்லை. கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அந்த மாதச் சம்பளத்தைக்கூடக் கேட்டு வரவில்லை. நானும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

அண்ணன் மெஷினை விட்டுப்போன அன்று ராத்திரி, கடையைச் சாத்திவிட்டுத் தனியாக அதைத் திறந்தேன். பின்களைத் திருப்பியதும் ஹீட்சிங்க் பிடிப்பே இல்லாமல் கையோடு வந்தது. நல்ல பேஸ்ட் என்றால் லேசாகத் திருகித்தான் எடுக்கவேண்டும், அந்த அளவுக்குப் பிடித்துக்கொண்டிருக்கும். உள்ளே சாம்பல் நிறப் பொருக்கு. விளிம்பில் கட்டியாக, நடுவில் வெறும் உலோகம் தெரியும்படி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். பொருக்கு போகப் போகச் சிப்பின் மேல் பொறித்திருந்த எழுத்து ஒவ்வொன்றாகத் தெரிந்தது. புது பேஸ்ட்டை நடுவில் ஒரு சொட்டு வைத்து மூடினேன். மென்பொருளை இப்போது திறந்தேன். ரெண்டர் ஓட்டினேன். எழுபதைத் தாண்டிக் கொஞ்சம் ஏறி அங்கேயே நின்றது. டீ குடித்து முடிக்கும் நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது.

காலையில் அவர் வந்தபோதாவது சொல்லியிருக்கலாம். "போர்டுல ஒரு இடத்துல டிரை சோல்டர்ணே. கண்டுபிடிக்கத்தான் கஷ்டமாப் போச்சு" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கேட்டதற்கு மேல் இருநூறு ரூபாய் கொடுத்தார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

பையன் இப்போது திருப்பூரில் ஏதோ ஒரு கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிறான் என்று கேள்வி. அவன் அப்பாவைக் கடைத்தெருவில் பார்த்தால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன். தன் மகன் தொழிலை விட்டு ஓடியவன் என்று அவர் யாரிடமோ சொல்லி வருத்தப்பட்டாராம். அவன் ஓடவில்லை, நான் துரத்தினேன் என்று அவருக்குத் தெரியாது.

ஃபார்மேட்டுக்கு வாங்கியது, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வாங்கியது, பழையதை விற்றது, கடைசியில் வாங்கிய சர்வீஸ் சார்ஜ், மேலே இருநூறு. இவ்வளவும் நான் திருப்பித் தரவேண்டிய பணம். துபாய் மாப்பிள்ளை கல்யாணத்தின் பாக்கியும் தங்கை கல்யாணமும் அதில் சேரவில்லை. அவற்றுக்கு என்ன கணக்குப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பணத்தை ஒரு கவரில் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுத் தெருமுனைவரை போயிருக்கிறேன். மாடியில் லைட் எரிந்தது. எடிட்டிங்கில் இருக்கிறார், தொந்தரவு வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். இதை அவர் அச்சில் படிக்க நேர்ந்தால், நேரில் சொல்லத் துணிவில்லாதவன் என்ற குற்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவர் இன்னும் என்னிடம்தான் வருகிறார். மற்ற ஸ்டூடியோக்காரர்களையும் அனுப்புகிறார். யாருக்கும் பிடிபடாத கோளாறைக் கண்டுபிடித்தவன், கைராசிக்காரன் என்று சொல்லித்தான் அனுப்புகிறாராம். போன வாரமும் ஒருவர் அவர் பேரைச் சொல்லிக்கொண்டு வந்தார். மெஷினை வாங்கி வைத்துக்கொண்டேன்.