சேர்விடாப்பிலிருந்து எழுத வேண்டிய வரலாறு

மன்னார் நகரத்துப் புனித சவேரியார் ஆண்கள் கல்லூரியின் பெயருக்குள்ளேயே பழங்கதை ஒன்று இருக்கிறது. 1544இல் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணிசெய்துகொண்டிருந்த பிரான்சிஸ் சவேரியாரிடம் மன்னார் மக்கள் குருவானவரைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். அவர் அனுப்பிய குருவிடம் ஞானஸ்நானம் பெற்றவர்களில் அறுநூறு பேர் வரை யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் படையால் வெட்டுண்டதாக மரபு சொல்கிறது. வரலாறு எழுத உட்காருகிறவர்கள் அங்கே தொடங்கி, குருமாரையும் அதிபர்களையும் கட்டடங்களையும் தொட்டு, பேர்பெற்ற பழைய மாணவர்களில் முடிப்பது விழா மலர்களின் வழக்கம். நன்றியால் எழுதப்படும் அந்த மலர்கள் எனக்கும் வேண்டியவைதான். ஆனால் கடலும் போரும் அலைக்கழித்த ஓர் ஊரில், ஆண்பிள்ளைகள் படித்த பாடசாலையின் வரலாற்றைச் சேர்விடாப்பிலிருந்து எழுத வேண்டும் என்பதே என் வாதம். படலைக்குள் யாரால் வர முடிந்தது, யார் நின்றான், யார் பாதியில் போனான் என்பதற்கு அதைவிடச் சான்று வேறில்லை.

சேர்விடாப்பு தடித்த அட்டை போட்ட பெரிய புத்தகம். சேர்விலக்கம், முழுப்பெயர், பிறந்த திகதி, சமயம், தகப்பன் பெயர், முகவரி, முன்பு படித்த பாடசாலை, சேர்ந்த திகதி என்று கட்டங்கள் இடமிருந்து வலமாக ஓடும். கடைசியில் இரண்டு சிறிய கட்டங்கள்: விலகிய திகதி, விலகிய காரணம். ஒருவன் விடுகைப் பத்திரம் கேட்டு வரும்போதுதான் அவை நிரப்பப்படும். முகவரிக் கட்டத்தை மட்டும் வரிசையாகப் படித்துக்கொண்டு போனாலே ஊரின் பாதைகள் தெரியத் தொடங்கும். 1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்தது. 1930இல் தீவையும் பெருநிலத்தையும் இணைத்துத் தரைப்பாலம் வந்தது. அதற்குப் பின் பள்ளிமுனை, பேசாலைப் பையன்களோடு பெருநிலத்து வயற்காரரின் பையன்கள் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது. கட்டணம் ஒழிந்ததும் கரைவலை இழுப்பவர் வீட்டுப் பிள்ளை எட்டாம் வகுப்பைத் தாண்டினானா, சோளகம் மாறியதும் தகப்பனோடு வாடிக்குப் போய்விட்டானா? கொழும்பில் இயற்றிய சட்டம் மன்னார்க் கரையில் என்ன செய்தது என்பதற்கு இந்த வரிகள்தான் விடை.

1960, 61ஆம் ஆண்டுச் சட்டங்கள் உதவிபெறும் பாடசாலைகளை அரசின் கைக்கு மாற்றியபோது கத்தோலிக்கர் கொதித்தெழுந்தார்கள். பெற்றோர் பாடசாலைகளுக்குள்ளேயே தங்கிக் காவலிருந்தார்கள். யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரி தனியாரிடமே நின்றது. மன்னார்ச் சவேரியார் இன்று தேசிய பாடசாலை. இதை இழப்பாக மட்டும் எழுதுகிறவர்கள் உண்டு. திருச்சபை உழைத்துக் கட்டியதை அரசு எடுத்துக்கொண்டபோது பட்ட வலி உண்மையானது, அதை மறுக்க மாட்டேன். ஆனாலும் சமயக் கட்டத்தில் அதற்கு முன்னும் பின்னும் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. பல்கலைக்கழக அனுமதியில் 1974இல் தொடங்கிய மாவட்ட ஒதுக்கீடும் இப்படித்தான். யாழ்ப்பாணத்து மாணவனுக்கு அது அநீதியாகப் பட்டது. பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருந்த மன்னாரின் பையனுக்கோ அது பல்கலைக்கழகக் கதவு. தமிழர் கல்வி வரலாற்றை யாழ்ப்பாணத்தின் திண்ணையிலிருந்து மட்டும் எழுதினால் அவன் தெரியமாட்டான்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகள் எளியவையல்ல. இடாப்பில் பெயர் இருக்கும், படிப்பு இருக்காது என்பார்கள். உண்மை, ஓர் ஆசிரியரின் குரல் எந்தக் கட்டத்திலும் பதியாது, அதற்கு நினைவுகளைத்தான் கேட்க வேண்டும். ஆனால் நினைவைச் சொல்ல விழாவுக்கு வருகிறவர்கள் கரையேறியவர்கள். ஒன்பதாம் வகுப்போடு படகேறியவனை மேடைக்கு யாரும் அழைப்பதில்லை, அவனுக்காகப் பேச அந்த ஒரு வரிதான் இருக்கிறது. சாதனையாளரைக் காட்டினால்தான் பிள்ளைகளுக்கு ஊக்கம் வரும் என்ற மறுப்பும் உண்டு. தன் ஒழுங்கையிலிருந்து தன்னைப் போன்ற ஒருவன் படித்தான் என்று அறிவதும் ஊக்கம்தான். போரில் எல்லாம் அழிந்துவிட்டதே, எந்த இடாப்பைத் திறப்பது என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேறு: அழிந்த பக்கமும் சான்றுதான், அது எந்த ஆண்டில் அழிந்தது என்று எழுதுங்கள்.

அந்தப் போர் ஆண்டுகளில்தான் இடாப்பின் கடைசி இரண்டு கட்டங்கள் கனக்கின்றன. 1984 டிசம்பரில் மன்னாரில் இராணுவம் நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றது. வீதியில் நடப்பதே ஆண்பிள்ளைக்கு ஆபத்தான காலம் அது. வயது வந்த பையனை வீட்டில் வைத்திருக்கப் பயந்த தாய்மார் இரவோடிரவாக அவனை இராமேஸ்வரத்துக்குப் படகேற்றினார்கள். மண்டபம் அகதி முகாமுக்குப் போனவன் எங்கே வந்து விடுகைப் பத்திரம் கேட்பான்? 1990இல் பாலம் தகர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை, எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை, வெளியேற்றினார்கள். உப்புக்குளமும் எருக்கலம்பிட்டியும் வெறுமையாயின, தீவின் மக்கள் படகுகளில் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போனார்கள். சவேரியாரின் வரலாற்றில் இது எதற்கு, அது முஸ்லிம் பாடசாலையான அல் அஸ்ஹரின் கதையல்லவா என்று கேட்பது எனக்கு ஏற்புடையதல்ல. ஒரே கடைத்தெருவையும் ஒரே பஸ் நிலையத்தையும் சுற்றி நின்ற பாடசாலைகள் இவை. ஒரு பாடசாலை முழுதாக வெறுமையானபோது பக்கத்துப் பாடசாலை மணியடித்துப் பாடம் தொடங்கியது என்றால், அந்த மணியும் அதன் வரலாற்றில் சேர்த்திதான்.

புதிய பாலம் 2010இல் திறந்தது, ரயில் 2015இல் தலைமன்னாருக்குத் திரும்பியது. இடம்பெயர்ந்த குடும்பங்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஊர் வந்தன. அப்படி வந்த வீட்டுப் பையனை நகரத்துப் பாடசாலையில் சேர்க்கும்போது, முன்பு படித்த பாடசாலை என்ற கட்டத்தில் புத்தளத்துப் பெயர் எழுதப்படும். அவன் தகப்பனின் பெயர் இதே நகரத்தின் பழைய இடாப்பு ஒன்றில், விலகிய திகதியும் காரணமும் எழுதப்படாமல் இன்னும் இருக்கக்கூடும்.