பூங்குழலியின் கைகள்

2022 அக்டோபரில் அம்மாவைப் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்துக்குக் கூட்டிப்போனேன். காத்திவாக்கத்தில் பஸ் ஏறித் தியேட்டர் போய்ச் சேர்வதற்குள் அம்மா தன் சேலைத் தலைப்பை மூன்று முறை முகர்ந்து பார்த்தாள். முப்பது வருடமாக மீன் விற்பவள். விடியுமுன் காசிமேட்டுக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸ் போட்டுத் தெருத்தெருவாக விற்பவள். மஞ்சள் தேய்த்துக் குளித்து வந்தும் அந்தச் சந்தேகம் போகவில்லை.

படத்தில் ஓடக்காரி பூங்குழலி வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அரண்மனை, குதிரை, வாள் இவற்றுக்கு நடுவே கடல் தெரிந்த ஒருத்தி. வந்தியத்தேவனை இலங்கைக்குக் கொண்டுபோகிறவள். ஐஸ்வர்யா லட்சுமி நன்றாகவே நடித்திருந்தார். அம்மா என் காதருகே குனிந்தாள்.

“ஏன்டி, நல்லாத்தான் துடுப்பு போடுது. கையில காப்பே காய்க்கலியே?”

அங்கே சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

கல்லூரியில் படித்த மூன்று வருடமும் அம்மா என்ன செய்கிறாள் என்று கேட்டால் “வியாபாரம்” என்று மட்டும் சொல்வேன். படம் பார்த்த ஒரு தோழி, “நீ பூங்குழலி ஊர்க்காரிதானே” என்றாள். மகிழ்ந்துபோனேன். பிறகுதான் நினைவு வந்தது: ஒருமுறை அம்மா என்னைப் பார்க்க வந்தபோது எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தவளும் அவள்தான். 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய ஒரு மூதாட்டியை நாற்றமடிக்கிறது என்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டே பூங்குழலியைத் தமிழ்நாடு கொண்டாடியது. திரையில் வாடை வருவதில்லை.

1950 முதல் 1954 வரை தொடராக வந்த கல்கியின் நாவலில் பூங்குழலி கோடிக்கரைக் கலங்கரை விளக்கக் காவலரின் மகள். கதை முடிவில் உத்தம சோழரை மணந்து ராணியாகிறாள். ஓடக்காரியாகவே கடைசிவரை இருந்திருந்தால் அவளுக்கு மரியாதை கிடைத்திருக்காதா?

அரண்மனைக்குள்ளும் இதே கதைதான். குந்தவையும் நந்தினியும் முகத்தோடும் பெயரோடும் வருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்கும் பணிப்பெண்கள் வெறும் கூட்டம். சோழர் கல்வெட்டுகள் இதைவிடத் தாராளமானவை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்களின் பெயரும், எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள் என்பதும், எந்த வீட்டில் இருந்தார்கள் என்பதும் கல்லில் இருக்கின்றன. அரண்மனைப் பணிப்பெண்கள் வாழ்ந்த வேளங்களைப் பற்றியும் கல்வெட்டுகள் பேசுகின்றன. கோயிலுக்கு விளக்கு தானம் செய்த வேளத்துப் பெண்கள் உண்டு. தோற்ற நாட்டுப் பெண்கள் வேளம் புகுந்ததைக் கலிங்கத்துப்பரணியே வெற்றிப் பெருமையாகப் பாடுகிறது.

போரைப் பற்றிய படத்தில் அந்தப் பெண்களுக்கு ஒரு காட்சி வேண்டாமா? ராஜாவுக்குப் போர் என்றால் கொடியும் முடியும். பிடிபட்ட பெண்ணுக்குப் போர் என்றால் ஊர் போய்விடுவது, யார் வீட்டிலோ காலமெல்லாம் வேலை செய்வது. நடிகைகள் எத்தனை பேர் என்று எண்ணினால் மட்டும் இது பிடிபடாது. யாருடைய உழைப்பு கண்ணில் படுகிறது, யாருடையது படவில்லை என்று பார்க்க வேண்டும். அம்மா கையைப் பார்த்தது அதனால்தான். அருவாமனை கிழித்த தழும்பும் ஐஸில் மரத்த விரலும் அவளுக்கு இருக்கின்றன.

இப்போது யாராவது கேட்டால், “அம்மா மீன் விக்கிறாங்க” என்று சொல்லிவிடுகிறேன். 2023 ஏப்ரலில் இரண்டாம் பாகம் வந்தது. அன்று வியாபாரம் முடிய நேரமாகிவிட்டது. குளிக்க ஓடிய அம்மாவிடம், “அப்படியே வாம்மா” என்றேன். வந்தாள். ஆனால் டிக்கெட் எடுத்தபோது ஓரத்து இரண்டு சீட்டாகப் பார்த்துத்தான் எடுத்திருந்தேன். அதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.